கருமுட்டையின் விலையும் சட்டத்தின் எண்ணிக்கையும்

செயற்கைக் கருத்தரிப்பு மையங்களையும், கருமுட்டை, விந்தணு வங்கிகளையும் நெறிப்படுத்துவதற்கென்று பாராளுமன்றம் 2021 டிசம்பரில் நிறைவேற்றிய சட்டம், அடுத்த ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி அமலுக்கு வந்தது. வந்து ஐந்து மாதம் நிறைவதற்கு முன்பே, 2022 ஜூன் மாதத் தொடக்கத்தில், ஈரோட்டில் பதினாறு வயதுப் பெண்ணொருத்தி தன் உறவினரிடம் வாய்விட்டுச் சொன்ன ஒரு செய்தி, அந்தச் சட்டத்தின் ஷரத்துகளில் பலவற்றையும் ஒரே வீச்சில் கேலிப்பொருளாக்கிவிட்டது. பெற்ற தாயும், தாயோடு வாழ்ந்துவந்த ஆடவனும், ஒரு பெண் தரகரும் சேர்ந்து, அவள் பருவமெய்திய காலம் தொட்டே அவளை மருத்துவமனை மருத்துவமனையாக அழைத்துக்கொண்டு போய், அவளுடைய கருமுட்டைகளை எடுக்கச் செய்து பணமாக்கி வந்தார்கள் என்பதும், வயதைக் கூட்டியும் பெயரை மாற்றியும் போலி ஆதார் அட்டை தயாரித்துக் கொடுத்த இன்னொருவன் அதற்கு உடந்தை என்பதும் போலீஸ் தரப்பு. நால்வரும் கைதானார்கள். ஒரு தடவைக்குத் தாய்க்கு 20,000 ரூபாயும் தரகருக்கு 5,000 ரூபாயும் கிடைத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. ஜூலை மாதத்தில், சுகாதாரத் துறையின் விசாரணைக் குழு அளித்த அறிக்கையை வைத்து, ஈரோடு, பெருந்துறை, சேலம், ஓசூர் ஆகிய ஊர்களிலுள்ள நான்கு தனியார் மருத்துவமனைகளின் மீது நடவடிக்கை எடுப்பதாக அமைச்சர் மா. சுப்பிரமணியன் அறிவித்தார்; ஆந்திரத்திலும் கேரளத்திலும் உள்ள மருத்துவமனைகளைப் பற்றி அந்தந்த அரசாங்கங்களுக்கு எழுதப்பட்டது.

பெருந்துறையிலிருந்து திருப்பூர் அதிக தூரமில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகள், அவிநாசி, பல்லடம், உடுமலைப் பக்கத்து நூல் மில்கள், திருப்பூரின் பனியன் கம்பெனிகள் என்று, பஞ்சு உடையாகும் வழியெல்லாம் ஒரே பிரதேசமாய்க் கிடக்கிற இந்தச் சீமையில், கருமுட்டைக்கு ஒரு சந்தை உண்டாவதற்கு வேண்டிய இரண்டு சரக்குகளும் அருகருகே இருக்கின்றன. ஒரு பக்கம், தொழிலைக் கட்டி எழுப்புவதிலேயே இளமையைச் செலவிட்டுவிட்டு, முப்பத்தைந்து, நாற்பது வயதுக்குமேல் புத்திர பாக்கியத்தைத் தேடிப் புறப்படுகிற தம்பதிகள். இன்னொரு பக்கம், சனிக்கிழமைச் சம்பளத்தில் கைமாற்றுக் கடனும் வாடகையும் போக மிச்சமென்று எதையும் கண்டறியாத இளம் பெண்கள். கல்யாண மண்டபத்தில் நடக்கும் இலவச ஆலோசனை முகாமுக்கு அழைப்பு விடுத்துக் கொழுகொழுவென்ற வெள்ளைக்காரக் குழந்தையின் படத்தோடு பஸ் நிலையத்தருகே நிற்கும் விளம்பரத் தட்டிகள் முதல் வகுப்பாரை நோக்கியவை. இரண்டாம் வகுப்பாருக்குத் தட்டி வைக்க வேண்டிய அவசியமில்லை. அவர்களைத் தேடித் தரகரே வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

இளம் பெண்ணின் கருமுட்டைக்கு இத்தனை கிராக்கி ஏன் என்று கேட்டால், பதில் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆணின் விந்தணு ஏறக்குறைய இரண்டரை மாதத்துக்கு ஒரு தரம் புதிதாக உற்பத்தியாகிக்கொண்டே இருப்பது. பெண்ணுக்கோ தன் தாயின் கர்ப்பத்தில் இருக்கும்போதே முட்டைகளின் ஆதி அணுக்கள் முழுதும் உண்டாகிவிடுகின்றன. பிறக்கையில் பத்திலிருந்து இருபது லட்சம், பருவமெய்தும்போது மூன்று நான்கு லட்சம் என்று குறைந்துகொண்டே வந்து, அவற்றுள்ளும் நானூறு, ஐந்நூறே மாதந்தோறும் ஒன்றாக முதிர்ந்து வெளிப்படுகின்றன. ஆகவே நாற்பது வயதுப் பெண்ணின் கருமுட்டைக்கும் வயது நாற்பதுதான். அவ்வளவு காலமும் ஒன்றோடொன்று பிணைந்தே காத்திருந்த குரோமோசோம்களின் பிணைப்பு வயதேற ஏறத் தளர்ந்துபோவதால், அவை பிரியும்போது ஒன்று கூடியோ குறைந்தோ போவதும், அப்படிப்பட்ட கரு தங்காமல் போவதும் அதிகரிக்கின்றன. கருப்பையோ அத்தனை சீக்கிரம் மூப்படைவதில்லை. இளம் பெண்ணின் முட்டையைக் கணவனின் விந்தணுவோடு சோதனைச்சாலையில் சேர்த்து, மூத்த பெண்ணின் கருப்பையில் வைத்தால் அது பெரும்பாலும் இளமையின் பலனையே தருகிறது என்பது 1990 வாக்கில் பிரத்தியட்சமாகிவிட்டது. அன்று முதல் இளமை என்பது ஓர் உடலிலிருந்து எடுத்து மற்றோர் உடலுக்குக் கொடுக்கக்கூடிய வஸ்துவாகிவிட்டது.

எடுப்பது எப்படி என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஏனெனில் "கருமுட்டை தானம்" என்ற சொற்றொடரைக் கேட்கிறவர்கள் ரத்த தானத்தைப் போன்ற ஒன்றை நினைத்துக்கொண்டு விடுகிறார்கள். மாதவிலக்கான இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலிருந்து, பத்துப் பன்னிரண்டு நாளைக்கு, தினந்தோறும் அடிவயிற்றில் ஊசி போடப்படுகிறது. இயற்கையில் ஒவ்வொரு மாதமும் பல சினைப்பைக் குமிழ்கள் வளரத் தொடங்கினாலும், ஒன்று முந்திக்கொண்டதும் மற்றவை வாடி அழிந்துபோகும். வெளியிலிருந்து செலுத்தப்படும் ஹார்மோன், வாட வேண்டிய குமிழ்களுக்கும் ஊட்டம் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் முதிர வைத்துவிடுகிறது. இரண்டு நாளைக்கு ஒரு தரம் ஸ்கேன் பார்த்து, குமிழ்கள் 18 முதல் 20 மில்லிமீட்டர் வரை பருத்ததும், கடைசியாக ஓர் ஊசி. அதிலிருந்து முப்பத்தைந்து மணி நேரம் போல ஆனதும், மயக்க மருந்து கொடுத்து, பெண்ணுறுப்பின் வழியாக ஸ்கேன் கருவியோடு சேர்ந்த நீண்ட ஊசியைச் செலுத்தி, ஒவ்வொரு குமிழாகக் குத்தி, உள்ளிருக்கும் நீரை உறிஞ்சி எடுக்கிறார்கள். அந்த நீரைப் பக்கத்து அறையில் நுண்ணோக்கியில் வைத்துத் தேடுகிறவருக்குத்தான் முட்டை தென்படும்; அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

இதில் அபாயம் இல்லாமலில்லை. சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால், அது சுரக்கும் பொருள்கள் ரத்த நுண்குழாய்களின் சுவரைத் தளர்த்திவிடுகின்றன. பனியன் துணியைக் கொள்ளாமல் இழுத்தால் கண்ணிகள் விரிந்து வெளிச்சம் தெரிவதுபோல, அந்தச் சுவரின் இடுக்குகள் விரிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள் கசிகிறது. வயிறு உப்பி, மூச்சு முட்டி, சிறுநீர் குறைந்து, ரத்தம் கெட்டியாகி உறையும் நிலை வரையில்கூட அது போவதுண்டு. திறமையுள்ள மருத்துவர் மருந்தின் அளவைக் குறைத்தும், கடைசி ஊசியின் வகையை மாற்றியும் இதை மிகப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஆனால் இந்த ஆபத்துக்கு அதிகம் ஆளாகிறவர்கள் யார் என்று வைத்தியப் புத்தகங்கள் சொல்லும் அடையாளங்களைக் கவனியுங்கள்: இளம் வயது, மெலிந்த உடல், ஏராளமான குமிழ்கள். தரகர்கள் தேடிப்போகிற அடையாளங்களும் அவையே. பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமியின் உடலில் இதைத் திரும்பத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்தப் புத்தகம் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

இந்தச் சாஸ்திரத்தோடு நம் சர்க்கார்கள் நடந்துகொண்ட விதமே விசித்திரமானது. 1978 ஜூலை 25ஆம் தேதி இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்த இரண்டு மாதத்துச் சொச்சத்தில், அக்டோபர் 3ஆம் தேதி, கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அரசாங்கம் நியமித்த கமிட்டி அதை நம்ப மறுத்தது. தம் ஆராய்ச்சியை உலகத்துக்கு எடுத்துச் சொல்லவும் அவருக்கு வழியில்லாமல் செய்யப்பட்டது. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். 1986இல் பம்பாயில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் டி. சி. ஆனந்தகுமாரும் வெற்றி கண்ட பிறகும், 1990இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் சிகிச்சையில் தென்னாட்டின் முதல் சோதனைக் குழாய் குழந்தை பிறந்த பிறகும், மையங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன, சட்டமோ முளைக்கவில்லை. 2005இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறைகள், மீறினால் தண்டனை இல்லாத உபதேசமாகவே இருந்தன. 2008இல், குஜராத்தின் ஆனந்த் நகரில் வாடகைத் தாய்க்குப் பிறந்த பேபி மாஞ்சி என்ற குழந்தை, அதை விரும்பிய ஜப்பானியத் தம்பதி பிறப்புக்கு முன்பே விவாகரத்து செய்துகொண்டதால், எந்த நாட்டுப் பிரஜை என்று தெரியாமல் நின்று, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அடுத்த ஆண்டு சட்டக் கமிஷன் தன் 228ஆவது அறிக்கையில் சட்டம் வேண்டுமென்றது. அதற்கப்புறம் பன்னிரண்டு ஆண்டு. முதலில் இருப்பதை இல்லையென்று சாதித்தோம். பிறகு நடப்பதைக் கண்டும் காணாததுபோல் இருந்தோம். கடைசியில் சட்டம் இயற்றும்போது, ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை போட்டுக் கட்டிவிட்டோம்.

எண்ணிக்கைகள் இவை. கருமுட்டை கொடுக்கும் பெண்ணுக்கு வயது 23க்குக் குறையாமலும் 35க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். ஆயுளில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம். அப்போதும் ஏழு முட்டைக்குமேல் எடுக்கக் கூடாது. ஒருத்தி கொடுத்ததை ஒரு தம்பதிக்குமேல் பங்கு போடக் கூடாது. ஒரு தடவை என்ற வரம்பும் வயது வரம்பும் நியாயமானவை என்றே கருதுகிறேன். ஏழு என்ற எண் எந்தச் சாஸ்திரத்திலிருந்து வந்தது என்பதுதான் விளங்கவில்லை. சினைப்பை மருந்துக்குக் கட்டுப்படுவது கணக்குப் பார்த்து அல்ல. ஒரே அளவு ஊசிக்கு ஒருத்தியிடம் ஐந்தும், இன்னொருத்தியிடம் பதினைந்தும், வேறொருத்தியிடம் இருபதுக்கு மேலும் முதிர்வதுண்டு. எத்தனை முட்டை வந்தது என்பது உறிஞ்சிய நீரை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே தெரியும் என்றால், ஏழாவதோடு நிறுத்திக்கொள்வது எங்ஙனம்? ஏழோடு நிறுத்தினாலும், முதிர்ந்தவை ஐந்து அல்லது ஆறு, அவற்றில் கருவாகிறவை நான்கு, ஐந்தாம் நாள் வரை தாக்குப்பிடித்து வளர்கிறவை இரண்டு என்பதே பொதுவான விகிதம். இரண்டும் பலிக்காமல் போனால், அந்தத் தம்பதிக்கு மறுபடியும் ஒரு பெண் வேண்டும். அவளுக்கும் அதே பத்து நாள் ஊசி, அதே மயக்க மருந்து.

பெண்ணின் உடலைக் காப்பதற்கென்று போட்ட வரம்புகள், ஒன்றோடொன்று சேர்ந்தபோது, ஊசிக்கு ஆட்பட வேண்டிய பெண்களின் தொகையை அதிகமாக்கிவிட்டன. முன்பு ஒருத்தியிடம் எடுத்ததை இரண்டு மூன்று தம்பதிகளுக்குக் கொடுத்த இடத்தில், இன்று இரண்டு மூன்று பெண்கள் தேவைப்படுகிறார்கள். தேவை பெருகினால் சரக்கு தேடுகிறவனின் மதிப்பும் பெருகும். அவனுடைய மதிப்பைப் பெருக்குவதற்கு அதே சட்டம் இன்னொரு காரியமும் செய்திருக்கிறது. கருமுட்டையை விற்கவோ வாங்கவோ கூடாதென்று விதித்து, கொடுப்பவளுக்கு அவள் பெயரில் ஓராண்டு இன்ஷூரன்ஸ் எடுத்துத் தர வேண்டுமென்றதோடு அது நின்றுவிட்டது. நோக்கம் உயர்ந்தது. மனித உடலின் அம்சம் கடைச்சரக்காகக் கூடாது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் மருத்துவர் கட்டணம் வாங்குகிறார், மயக்க மருந்து கொடுப்பவர் வாங்குகிறார், சோதனைச்சாலை வாங்குகிறது, மருந்துக் கம்பெனி வாங்குகிறது, வங்கி வாங்குகிறது. இத்தனை பேர் நடுவில், ஊசி ஏறுகிற உடலுக்குச் சொந்தக்காரி ஒருத்தி மட்டும் நிஷ்காம்ய கர்மம் செய்ய வேண்டும் என்பது எந்த தர்மத்தில் சேர்த்தி? ஒன்றரை ஷிப்ட் பார்த்து, பீஸ் ரேட்டில் கூலி வாங்குகிற பவர் டேபிள் டெய்லருக்கு, ஸ்கேனுக்கும் ஊசிக்கும் போய்வருவதில் வேலை விட்ட நாள் ஒவ்வொன்றும் சம்பளம் போன நாள். முன்பின் அறியாத ஒருத்தருக்காக அந்த நஷ்டத்தைத் தன் கையிலிருந்து ஏற்றுக்கொள்கிறவள் இருப்பாள் என்று சட்டம் நம்புகிறது, தரகர் நம்புவதில்லை. ஆதலால் பணம் கைமாறுவது நிற்கவில்லை. ரசீது எழுதுவது நின்றது. ரசீது இல்லாத இடத்தில் எவ்வளவு கிடைத்தது, யாருக்குக் கிடைத்தது என்று கேட்க அவளுக்கு உரிமையும் இல்லாமல் போயிற்று. வேலையிழப்புக்கும் வேதனைக்கும் ஈடாக இவ்வளவு என்று அரசின் ஒழுங்குமுறை அமைப்பே தொகை நிர்ணயித்து, அதை அவளுக்கே கொடுக்கச் செய்யும் முறை இங்கிலாந்தில் இருக்கிறது; அது முட்டைக்கு விலையல்ல, ஈடு என்றே அங்கே கருதப்படுகிறது.

சட்டம் தன் முழு பாரத்தையும் எதன்மேல் இறக்கி வைத்திருக்கிறது என்று பார்த்தால், ஒரு பிளாஸ்டிக் அட்டையின்மேல். கொடுப்பவளின் பெயர், முகவரி, ஆதார் எண் ஆகியவற்றை வங்கி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தேசியப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். ஒரு முறைக்குமேல் கொடுக்கிறாளா என்பதும் வயதும் அதிலிருந்து தெரிந்துவிடும் என்பது ஏற்பாடு. ஈரோட்டில் போலியாகத் தயாரிக்கப்பட்டது எதுவோ அதுவே இங்கே காவலாளி. அட்டை பொய் சொல்லும். எலும்பு அவ்வளவு சுலபத்தில் சொல்லாது. மணிக்கட்டை ஓர் எக்ஸ்ரே எடுத்தால், வளரும் பருவத்தில் எலும்பு முனைகளில் இருக்கும் குருத்துத் தட்டுகள் மூடிவிட்டனவா, இன்னும் திறந்திருக்கின்றனவா என்பது தெரியும்; நீதிமன்றங்கள் வயதை நிர்ணயிக்க வெகு காலமாகக் கையாளும் முறை அது. இரண்டொரு வருஷம் முன்பின்னாக இருக்கலாமே தவிர, பதின்மூன்று வயதுச் சிறுமியை இருபத்துமூன்று என்று அது ஒருநாளும் சொல்லாது. மயக்க மருந்து கொடுப்பதற்குமுன் எத்தனையோ பரிசோதனை செய்கிற மருத்துவமனைக்கு இந்த ஒரு படம் பெரிய காரியமா?

பக்கத்தில் காவிரிக் கரையிலேயே இதற்கு ஒப்பிட வேண்டிய விஷயம் உண்டு. பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்கிறார்கள் என்ற புகார் வெகு நாளையது. 2025 ஜூலையில் அது மறுபடியும் வெடித்து, போலி ஆவணங்கள் அகப்பட்டு, திருச்சியிலும் பெரம்பலூரிலும் இரண்டு மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று உரிமம் நிறுத்தப்பட்டது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நெருங்கிய உறவல்லாத ஒருவர் சிறுநீரகம் கொடுப்பதானால், அதிகாரம் பெற்ற கமிட்டியொன்றின் முன் நேரில் வந்து, ஏன் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். தரகர் பாடம் பண்ணிக் கொடுத்ததை அங்கேயும் ஒப்பிக்கலாம்தான். ஒப்பித்ததற்குச் சாட்சியமே பள்ளிபாளையம். இருந்தாலும் ஒருவராவது அவரைத் தனியே உட்கார வைத்துக் கேட்க வேண்டுமென்ற கடமை சட்டத்தில் இருக்கிறது. வாடகைத் தாய் விஷயத்திலும் ஜில்லா மருத்துவ வாரியத்தின் சான்றும் மாஜிஸ்திரேட் உத்தரவும் தேவை. கருமுட்டை கொடுப்பவளை மட்டும், அதனால் லாபமடையும் வங்கியையும் மருத்துவமனையையும் தவிர வேறெவரும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. ஈரோட்டுப் பெண்ணை மருத்துவமனை வாசலில் வைத்து, தாயை வெளியே நிறுத்திவிட்டு, "உனக்கு இஷ்டம்தானா, அம்மா?" என்று கேட்க ஒரு ஜீவன் சம்பளத்துக்கு இருந்திருந்தால், இந்த வியாபாரம் முதல் தடவையே முடிந்திருக்கும். என் புகாரெல்லாம் இந்த ஒன்றுதான். மற்றவை இதற்குக் கிளைகள்.

வாடகைத் தாய்ச் சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பத்திரிகைகள் அதை நடிகை நயன்தாரா தம்பதியின் இரட்டைக் குழந்தைகளை வைத்து 2022இல் வேண்டுமட்டும் அலசிவிட்டன. அரசாங்கக் குழு விசாரித்து, அவர்கள் சட்டத்தை மீறவில்லை என்றும், பதிவுகளைச் சரியாக வைக்காத குற்றம் மருத்துவமனையினுடையது என்றும் சொல்லிற்று. அதைவிடக் கவனிக்கத்தக்கது விதிகளின் தள்ளாட்டம்: 2023 மார்ச்சில், முட்டையும் விந்தணுவும் தம்பதியினுடையவையாகவே இருக்க வேண்டுமென்று திருத்தினார்கள், கருப்பையே இல்லாமல் பிறந்த பெண்களும் முட்டையற்ற பெண்களும் நீதிமன்றத்துக்குப் போனபின், 2024 பிப்ரவரியில், தக்க வைத்தியக் காரணமிருந்தால் இரண்டிலொன்று பிறருடையதாக இருக்கலாமென்று மறுபடி திருத்தினார்கள். வயதேறிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இடைப்பட்ட பதினோரு மாதம் அற்பமானதல்ல.

பிறந்த குழந்தை யாருடையது என்ற பழைய தர்மசங்கடத்தைச் சட்டம் ஓரளவு தெளிவாகவே தீர்த்திருக்கிறது. சிகிச்சை பெற்ற தம்பதியே பெற்றோர். முட்டை கொடுத்தவளுக்கு உரிமையுமில்லை, பொறுப்புமில்லை. 2024 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்கொன்றில், அக்காளுக்காக முட்டை கொடுத்த தங்கையே, வாடகைத் தாய் மூலம் பிறந்த இரட்டைப் பெண் குழந்தைகளுக்குத் தாய் என்று அக்காளின் கணவன் வாதிட்ட நிலையில், அக்காள் அவர்களைப் பார்க்கவும் முடியாதபடி செய்யப்பட்டாள்; தானம் செய்தவள் தாயாகிவிட மாட்டாள் என்று கூறிய நீதிபதி, அக்காளுக்குக் குழந்தைகளைச் சந்திக்கும் உரிமையை வழங்கினார். அணுவின் உறவு வேறு, தாய்மை வேறு என்பதை ஸ்வீகார புத்திரனை ஏற்றுக்கொண்ட நம் சமூகம் புரிந்துகொள்ளச் சிரமப்படாது.

சிரமப்படுவது வேறொன்றில். மலட்டுத்தன்மைக்குக் காரணம், ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடத்தில், முழுமையாகவோ பகுதியாகவோ ஆணிடம் இருக்கிறது. விந்து உற்பத்திக்கு உடலின் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைந்த வெப்பம் வேண்டும் என்பதற்காகவே இயற்கை அந்த உறுப்பை உடலுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறது. பாய்லர் பக்கத்திலும், சாயப்பட்டறையிலும், ஸ்டீம் அயன் மேஜையிலும் வருஷக்கணக்காக நிற்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டியவர்கள். விந்துப் பரிசோதனை இருக்கிற பரிசோதனைகளிலெல்லாம் எளியது, ஊசியில்லை, வலியில்லை. ஆயினும் மனைவியை நான்கு டாக்டரிடம் காட்டி, நான்கு கோயிலுக்குப் பிரார்த்தித்துக்கொண்ட பின்னரே கணவன் அதற்கு இணங்குகிறான். தேவையற்ற ஊசிகளில் எத்தனையோ இந்த வீண் கௌரவத்தின் விளைவு.

சட்டத்தை மீறிய மையத்துக்கு முதல் தடவை 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறு தடவைதான் சிறை, மூன்று முதல் எட்டு ஆண்டு. பெரிய மருத்துவமனைக்கு முதல் அபராதம் ஒரு செலவுக் கணக்கு. எனவே தண்டனையைக் காட்டிலும் முன்கூட்டிய கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை அதிகம். அந்தக் கேள்வியும், கேட்கப்படுகிறவளுக்குப் புரியும் பாஷையில் இருக்க வேண்டும். திருப்பூரின் விடுதிகளிலும் லைன் வீடுகளிலும் இன்று ஒடிசா, பிஹார், ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள் ஏராளம். தமிழ்ப் பெண்ணுக்கே விளங்காத இங்கிலீஷ்ச் சம்மதப் பத்திரத்தில் ஒடியாக்காரப் பெண் வைக்கும் கையெழுத்துக்கு என்ன பெறுமானம்? வயிறு உப்பினால் எந்த நம்பருக்குப் போன் பண்ண வேண்டும், இன்ஷூரன்ஸ் கார்டு யாரிடம் இருக்கிறது, இன்னொரு முறை கூப்பிட்டால் மறுக்கலாம் என்ற மூன்று விஷயங்களையும் ஒடியாவிலும் ஹிந்தியிலும் தமிழிலும் அச்சிட்டு, ஊசி தொடங்கும் முன்பே அவள் கையில் கொடுக்க வேண்டுமென்று, இந்தச் சட்டத்தின்கீழ் அமைந்த மாநில வாரியம் ஓர் உத்தரவு போடுவதற்குப் பாராளுமன்றத்தின் தயவு தேவையில்லை. ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையின் வரிசையில் "வயித்து வலி" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நிற்கிற இளம் பெண்ணிடம், சமீபத்தில் ஊசி ஏதாவது போட்டுக்கொண்டாயா என்று டாக்டர் தனியே கேட்பதற்கும் அது தேவையில்லை.